சத்தி சாலையில் ஒரு லென்ஸ் மூடி

கோவை காந்திபுரத்திலிருந்து சத்தியமங்கலம் சாலையில் வடக்கே போகும் பேருந்து டெக்ஸ்டூல் நிறுத்தத்தைத் தாண்டியதும் கடைவீதி முடிந்து பட்டறை வீதி தொடங்குகிறது. கணபதி என்ற இந்தப் பகுதியின் பெரிய சாலையில் இருக்கும் பேக்கரியும் மருந்துக்கடையும் கைப்பேசிக் கடையும் எந்த ஊரிலும் உள்ளவைதான். சந்துக்குள் திரும்பினால் வீட்டின் முன்பகுதியிலேயே ஒரு லேத், தகரக் கூரையின் கீழ் ஒரு டிரில்லிங் மெஷின், வாசலோரம் சுருள் சுருளாக இரும்புச் சீவல். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும், 2013-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் காட்டையும் நோக்கிக் கேமராப் பையோடு போகிறவர்கள் இந்த ஊரைக் கடந்துதான் போகிறார்கள். பெரும்பாலும் நிற்பதில்லை. அவர்கள் இங்கே நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன். பழைய டெலிகன்வெர்ட்டரின் மூடியோ, குளோஸ்-அப் லென்ஸின் உறையோ, இரட்டைக் கண் கேமராவின் மூடியோ தொலைந்தால் அதைக் கேமராக் கடையில் தேடிக் காலம் கழிப்பதில் பயனில்லை. செய்தவர்களே செய்வதை நிறுத்திவிட்ட பொருள் அது. அதை மறுபடியும் செய்யக்கூடிய கை, அளவை நம்பி ஒற்றைப் பொருளைக் கடைந்து தரும் கை, கணபதியில் இன்னும் இருக்கிறது. அதைத் தேடிப் போவதும், அதற்கு வேலை கொடுப்பதும், பழைய கருவிகளை வைத்திருப்பவர்களின் தேவையும் கடமையும் ஆகும்.

எல்லா மூடிக்கும் லேத் வேண்டும் என்பதில்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். லென்ஸின் முன்வளையத்தில் வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட ஒரு குறியும் அதையடுத்து ஓர் எண்ணும் இருக்கும். 49, 52, 55, 58, 62, 67, 72, 77, 82 என்று போகும் அந்த எண், ஃபில்டர் மாட்டும் மரையின் விட்டம், மில்லிமீட்டரில். இதைக் குவியத் தூரத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 50 மி.மீ. லென்ஸுக்கு 50 மி.மீ. மூடி என்று கேட்டால் தவறான பொருள்தான் கைக்கு வரும். இந்த அளவுகளில் மரையின் பிட்ச், அதாவது அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையிலான தூரம், பொதுவாக 0.75 மி.மீ. என்று உலகெங்கும் நிலைபெற்றுவிட்டதால், ஜப்பானில் செய்த லென்ஸுக்குச் சீனாவில் செய்த மூடி தயங்காமல் பொருந்துகிறது. நடுவில் அழுத்திக் கழற்றும் மூடியாகப் பார்த்து வாங்கினால் ஹுட் மாட்டியிருக்கும்போதும் விரலை உள்ளே விட்டு எடுக்க முடியும். ஓரத்தில் அழுத்தும் பழைய வகையில் அது சிரமம். பின்மூடியும் இப்படித்தான். 1959-இல் வந்த நிக்கான் எஃப், 1975-இல் வந்த பென்டாக்ஸ் கே, 1987-இல் வந்த கேனான் இஎஃப் போன்ற மவுண்ட்களுக்குப் பொதுத் தயாரிப்பு மூடிகள் கடையிலும் இணையத்திலும் மலிவாகக் கிடைக்கின்றன. அங்கே வாங்கிக்கொள்வதே சரி. அதற்குப் பட்டறைக்காரரின் நேரத்தைக் கேட்பது அவருக்கும் நியாயமில்லை, நமக்கும் வீண் செலவு.

இந்தப் பொது அளவுகள் முடியும் இடத்தில்தான் தேடல் தொடங்குகிறது. தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களில் பல ஆண்டுகள் உழைத்த யாஷிகா மேட், ரோலைகார்டு போன்ற இரட்டைக் கண் கேமராக்களில் ஃபில்டரைத் திருகி மாட்ட முடியாது; சிறு பற்களில் செருகித் திருப்பும் பேயனெட் முறை அது. ரோலை நிறுவனத்தின் கேமராக்களிலேயே பே 1, பே 2, பே 3 என்று வெவ்வேறு அளவுகள் உண்டு. ஒன்றின் மூடி மற்றதில் நிற்காது. அந்தக் கேமராக்களின் மூடி இரண்டு கண்களையும் ஒருசேர மறைக்கும் இரட்டை மூடி. நடுவில் கீல் முறிந்தால் அதற்கு மாற்று கடையில் இருக்காது. பழைய லென்ஸ்கள் பலவற்றுக்கு மூடி மரையில் மாட்டுவதே இல்லை. குழலின் வெளிப்புறத்தில் அப்படியே செருகி நிற்கும். அதன் அளவு எந்த வளையத்திலும் பொறிக்கப்பட்டிருக்காது. டெலிகன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் இரண்டு மூடி வேண்டும். எக்ஸ்டெண்டர் என்று கேனான் அழைக்கும் டெலிகன்வெர்ட்டர்கள் சிலவற்றில் முன்கண்ணாடி வளையத்தைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும். விட்டம் பொருந்துகிறதே என்று ஆழம் குறைந்த மூடியை அதன்மேல் அழுத்தினால் மூடியே கண்ணாடியைக் கீறிவிடும். லென்ஸைவிட லென்ஸின் துணைக்கருவிகளுக்குத்தான் இந்தச் சிக்கல் அதிகம். அவை குறைவாகச் செய்யப்பட்டவை, சீக்கிரமே நிறுத்தப்பட்டவை, உறையோடு சேர்த்து ஒரு பொருளாக விற்கப்பட்டவை. உறை போனால் கருவியும் மேசை இழுப்பறையில் தூசி படிந்து போய்ச் சேர்கிறது.

இப்படிப்பட்ட பொருளைக் கோவை ஏன் செய்து தர முடியும் என்பதற்கு அதன் தொழில் வரலாற்றில் விடை இருக்கிறது. 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் இங்கே நூற்பாலைகள் பெருகின. ஆலை இயந்திரங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தன. தேய்ந்துபோன பற்சக்கரத்துக்குக் கப்பலை எதிர்பார்த்து ஆலையை நிறுத்திவைக்க முடியாது. பழுதான துண்டை எடுத்துப் போய் அதைப் பார்த்து இன்னொன்று செய்து வாங்குவதே வழி. பார்த்துச் செய்த கைகள் பிறகு பம்பு, மோட்டார், இயந்திரம் என்று முழுப் பொருள்களையே செய்யத் தொடங்கின. 1937-இல் இந்தியாவின் முதல் மின்மோட்டார் என்று போற்றப்படுவதைக் கோவையில் உருவாக்கியதில் ஜி.டி. நாயுடுவுக்கும் டி. பாலசுந்தரத்துக்கும் பங்கு உண்டு. அந்தப் பாலசுந்தரம் நிறுவியதுதான் டெக்ஸ்டூல் நிறுவனம். கணபதியின் பேருந்து நிறுத்தம் இன்றும் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1893 முதல் 1974 வரை வாழ்ந்த ஜி.டி. நாயுடு படமெடுப்பதில் தீராத ஆர்வம் கொண்டவர். திரைப்படக் கேமராவுக்கான தூரச் சரிசெய்கருவி ஒன்றும் அவர் கண்டுபிடிப்புகளில் அடங்கும். அவருக்கு முன்பே, ரயில்வே ஊழியரான சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரை வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டி, 1914-இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். ஒளியும் கண்ணாடியும் சார்ந்த கருவிகள் இந்த ஊருக்குப் புதியவை அல்ல. வெளியிலிருந்து வந்த கருவிக்கு உள்ளூரில் உறுப்பு செய்வது இங்கே நூறு ஆண்டுப் பழக்கம்.

கணபதியிலும் பக்கத்து ஆவாரம்பாளையத்திலும் உள்ள சிறு பட்டறைகளில் எதைக் கேட்டுப் போனாலும் முதலில் வரும் கேள்வி, “சாம்பிள் இருக்குங்களா?” என்பதுதான். மூடி தொலைந்தவரிடம் சாம்பிள் இருக்காது. ஆனால் மூடி பொருந்த வேண்டிய கருவி இருக்கிறது, அதுவே போதும். வெர்னியரைக் கொண்டு வெளிவிட்டம், உள்விட்டம், ஆழம் மூன்றையும் எடுத்துவிடலாம். மரை இருந்தால் பிட்ச் கேஜை வைத்து அதன் இடைவெளியைப் பார்க்க வேண்டும். இங்கேதான் கவனம் தேவை. பிராக்டிகா, பழைய பென்டாக்ஸ், பிற்கால ஜெனிட் ஆகியவற்றின் எம்42 மரை 42 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. பிட்சும் கொண்டது, எந்த லேத்திலும் வெட்டிவிடலாம். பழைய லைகாவின் மரை 39 மி.மீ. விட்டம் என்றாலும் அதன் இடைவெளி அங்குலக் கணக்கு, ஓர் அங்குலத்துக்கு 26 சுற்று. மில்லிமீட்டரில் அது ஏறத்தாழ 0.977. அதை 1 மி.மீ. என்று எடுத்துக்கொண்டு வெட்டினால் முதல் சில சுற்றுகள் ஏறி, பிறகு இறுகிக்கொண்டு லென்ஸின் மரையைக் கெடுத்துவிடும். சிசிடிவி லென்ஸ்களிலும் 16 மி.மீ. திரைப்படக் கேமராக்களிலும் உள்ள சி மவுண்டும் அங்குலக் கணக்குதான்: ஓர் அங்குல விட்டம், 32 சுற்று. பெரும்பாலான ஊர்களில் இந்த அளவைச் சொன்னால் விழிப்பார்கள். பம்புக்குக் குழாய் மரை வெட்டிப் பழகிய கணபதியில் அங்குல மரை அன்றாட வேலை, பி.எஸ்.பி. என்ற பிரிட்டிஷ் குழாய் மரை இந்த ஊரின் பிழைப்போடு கலந்தது. பழைய லேத்தில் கியர்களை மாற்றிப் போட்டு அந்த 26-ஐக் கொண்டுவருவது அனுபவமுள்ள டர்னருக்குத் தெரிந்த கணக்கு. வெளியில் செருகும் மூடியாக இருந்தால் இன்னொரு நுணுக்கம் வேண்டும். உள்ளே ஒட்டப்போகும் வெல்வெட் துணியின் கனத்தை இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துக் கூட்டி, துணி சற்றே அமுங்கும் அளவைக் கழித்து, உள்விட்டத்தைக் கடைய வேண்டும். அப்போதுதான் மூடி நழுவாமலும் இறுகாமலும் நிற்கும்.

எதில் கடைவது என்பதும் யோசித்து முடிவுசெய்ய வேண்டியது. அலுமினியம் கனமில்லை, பார்வைக்கு அழகு. ஆனால் அலுமினிய மரைக்குள் அலுமினிய மரை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு திருகினாலும் வராமல் சிக்கும் சுபாவம் உடையது. நல்ல ஃபில்டர் வளையங்களைப் பித்தளையில் செய்வதற்கு இது ஒரு காரணம். பித்தளை சிக்காது, ஆனால் கனம். நைலான் ராடு எங்கும் கிடைக்கும். அது ஈரத்தை உறிஞ்சி அளவு மாறும் என்பதால் நுட்பமான மரைக்குச் சரிவராது. டெல்ரின் எனப்படும் பிளாஸ்டிக் ராடு இந்த வேலைக்கு மிகப் பொருத்தம். ஈரத்தை மிகக் குறைவாகவே எடுக்கும், லேத்தில் சுத்தமாகச் சீவும், உலோக மரையில் வழுவழுவென்று ஓடும், தவறிப் போட்டு இறுக்கினாலும் லென்ஸைக் காயப்படுத்தாமல் தானே தேயும். புஷ், பற்சக்கரம் முதலியவற்றுக்கு இந்தப் பட்டறைகளில் அதன் பயன்பாடு உண்டு என்பதால் துண்டு மீதியிலேயே ஒரு மூடி வந்துவிடும். கடைந்த மூடியை அப்படியே கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோகக் கூடாது. பிசிறு நீக்கி, சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுதும் உலரவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கும் சீவலும் இல்லை என்று உறுதிசெய்த பிறகே மாட்ட வேண்டும்.

உறைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய லென்ஸ்களோடு வந்த தோல் உறைகளுக்கு இன்று ஏக்கம் கலந்த மதிப்பு இருக்கிறது. ஆனால் தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். மூடிய தோல் உறைக்குள் மாதக்கணக்கில் கிடக்கும் கண்ணாடியில் பூஞ்சை வலை பின்னும். கோவையிலிருந்து சில மணி நேரத்தில் எட்டிவிடும் வால்பாறை தமிழ்நாட்டிலேயே மிகுந்த மழை பெறும் பகுதிகளில் ஒன்று. அங்கே போய்வந்த துணைக்கருவியை நனைந்த தோலுக்குள் வைத்து மூடுவது அதை இழப்பதற்கான வழி. ஆகவே பழைய உறையை அதே தோலில் மறுபடியும் தைக்கச் சொல்வதைவிட, அந்த உறை என்ன வேலை செய்தது என்று பார்த்து அந்த வேலையைச் செய்யும் புதிய பொருளைத் தேடுவதே மேல். ஃபில்டர்களுக்கும் குளோஸ்-அப் லென்ஸ்களுக்கும் லேத்தே உறையைத் தந்துவிடுகிறது. வெளிமரை கொண்ட ஒரு தட்டையும் உள்மரை கொண்ட ஒரு தட்டையும் கடைந்துகொண்டால், ஒரே அளவிலான ஃபில்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகி, இரு முனைகளிலும் அந்தத் தட்டுகளைப் போட்டு மூடலாம். இரண்டு மூடிகள் சேர்ந்து அங்கே பெட்டியாகிவிடுகின்றன. பெரிய கருவிகளுக்குக் குழாய்க் கடையே துணை. 75 மி.மீ., 90 மி.மீ., 110 மி.மீ. வெளிவிட்டத்தில் வரும் கெட்டி பிவிசி குழாயை வேண்டிய நீளத்துக்கு அறுத்து, இரு பக்கமும் எண்ட் கேப் போட்டு, உள்ளே ஃபோம் ஒட்டினால் பயணத்தின் அடிகளைத் தாங்கும் உறை தயார். 77 மி.மீ. மரை கொண்ட துணைக்கருவியின் வெளிவளையம் 80 மி.மீ. அளவுக்கு வரும் என்பதால் அதற்கு 90 மி.மீ. குழாயிலிருந்து தொடங்க வேண்டும். வளையும் மென்மையான பிவிசி பையை மட்டும் தவிர்க்க வேண்டும். அதை மென்மையாக்கச் சேர்க்கும் ரசாயனம் நாளடைவில் வெளியேறிக் கண்ணாடியில் மங்கலாகப் படியும். பயணத்துக்கு உறை, வீட்டில் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பா என்று இரண்டையும் பிரித்துக்கொள்வது நல்லது.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் முதலாவது, முப்பரிமாண அச்சு வந்துவிட்ட பிறகு லேத் எதற்கு என்பது. இது வலுவான கேள்வி. மூடிகளுக்கான வடிவக் கோப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. விட்டத்தை மட்டும் மாற்றி அச்சிட்டுக்கொள்ளலாம். பற்களில் செருகும் பேயனெட் மூடி போன்ற வடிவங்களுக்கு லேத்தைவிட அச்சே எளிது. இரட்டைக் கண் கேமராவின் மூடிக்கும் அப்படியே. அதன் எல்லையும் தெரிந்ததுதான். மலிவாகப் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்த மூடி கோணிக்கொண்டு லென்ஸோடு இறுகும். 0.75 மி.மீ. மரையைச் சாதாரண அச்சுக் கருவி அடுக்கடுக்காகப் போடும்போது விளிம்பு சொரசொரப்பாக வருகிறது. திருகும்போதெல்லாம் துகள் உதிர்கிறது. கண்ணாடிக்குப் பக்கத்தில் உதிரும் மூடி, மூடியில்லாமல் இருப்பதைவிடத் தொல்லை. இரண்டையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை. முதலில் அச்சிட்டு அளவு சரிதானா என்று பொருத்திப் பார்த்துவிட்டு, அந்த அச்சு மூடியையே சாம்பிளாகப் பட்டறைக்குக் கொண்டுபோனால் டர்னரின் நேரமும் மிச்சம், தவறும் குறையும்.

இரண்டாவது எதிர்வாதம் பட்டறையின் பக்கத்திலிருந்தே வரும்: ஒற்றை மூடிக்காக மெஷினைத் திருத்திப் போட்டுக் கடைந்தால் கூலி கட்டுமா? இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. லேத் வேலையில் பொருளைவிட ஆயத்தத்துக்கே நேரம் அதிகம். ஒன்றைக் கடையவும் பத்தைக் கடையவும் அந்த ஆயத்தம் ஒன்றுதான். சி.என்.சி. வைத்திருக்கும் பட்டறைகள் ஆயிரக்கணக்கான ஒரே துண்டுகளை நம்பி ஓடுகின்றன. அங்கே ஒரு மூடியைக் கேட்பது பொருத்தமில்லை. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் மின்கட்டணம் உயர்ந்தபின் நிலைக்கட்டணத்தைத் தாங்க முடியவில்லை என்று கோவையின் குறு, சிறு தொழில் அமைப்புகள் போராடின. ஜாப் ஆர்டரை மட்டும் நம்பிய பட்டறைகளின் நெருக்கடி எத்தகையது என்பதை அது காட்டியது. இந்த நிலையில் பட்டறைக்காரரிடம் சலுகை விலையில் ஒரு மூடி கேட்பது அவர் கையின் மதிப்பைக் குறைப்பதாகும். கேட்க வேண்டிய முறை வேறு. ஒரே அளவு தேவைப்படும் பத்துப் பேர் சேர்ந்து பத்து மூடிக்கு ஆர்டர் கொடுத்தால் ஒருவருக்கு ஆகும் செலவு வெகுவாக இறங்கும். பட்டறைக்கும் வேலை வேலையாக இருக்கும். தனி ஆளாகப் போனால் மூடியின் விலையைக் கேட்காமல் அவருடைய நேரத்தின் விலையைக் கேட்க வேண்டும். பழுது பார்க்கும் வேலையில் பழகிய பழைய லேத் பட்டறைகளுக்கு ஒற்றைத் துண்டு புதிதல்ல. நின்றுபோன பம்பின் ஷாஃப்ட், உடைந்த கிரைண்டர் உறுப்பு என்று அங்கே வருவதெல்லாம் ஒற்றையாகத்தான் வருகின்றன.

மூன்றாவது கேள்வி அடிப்படையானது: கைப்பேசியே கேமராவாகிவிட்ட காலத்தில் இந்தப் பழம்பொருள்களுக்கு இவ்வளவு பாடு தேவையா? நடந்திருப்பதைப் பார்த்தால் பழைய லென்ஸ்களின் ஆயுள் கூடித்தான் இருக்கிறது. 2008-இல் வந்த பானாசோனிக் ஜி1-இலிருந்து தொடங்கிய மிரர்லெஸ் கேமராக்களில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையிலான தூரம் குறைவு; அந்த இடைவெளியில் ஓர் அடாப்டரைப் போட்டால் பழைய எம்42 லென்ஸும், லைகா லென்ஸும், சினிமா லென்ஸும் மறுபடியும் படமெடுக்கின்றன. ஒவ்வோர் அடாப்டரும் மூட வேண்டிய இரண்டு வாய்களோடு வருகிறது என்பதால் மூடியின் தேவையும் கூடியிருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு: வேண்டியதைச் செய்துகொள்ளும் திறன் தொலைந்துவிடக் கூடாது. காட்டுயிர்ப் புகைப்படத்தில் முன்னோடியான மா. கிருஷ்ணன் பல உறுப்புகளை ஒன்றுசேர்த்து அமைத்துக்கொண்ட தம் கேமராவுக்கு சூப்பர் பாண்டரோசா என்று பெயரிட்டிருந்தார். கடையில் இருப்பதோடு நின்றுவிடாமல் வேலைக்கு வேண்டியதைச் செய்துகொள்ளும் மனம் அது. நீலகிரி மலைமேல், ஊட்டியில், 1960-இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் மூடப்பட்டபோது இந்தப் பகுதி ஒரு தொழிற்சாலையை மட்டும் இழக்கவில்லை; அங்கே திரண்டிருந்த கைத்திறனும் கலைந்தது. அத்தகைய திறனைப் பிறகு திரட்டுவது எளிதல்ல. ஒற்றை மூடியைக் கடையத் தெரிந்த டர்னரின் திறனும் அப்படிப்பட்டதே.

மாற்று மூடி போலியாகிவிடக் கூடாது என்பதில் மட்டும் உறுதி வேண்டும். அதில் பழைய நிறுவனத்தின் பெயரையோ சின்னத்தையோ பொறிப்பது ஏமாற்று. பழங்கருவிகளை விற்பவர்களிடம் அது ஒரு நாள் அசலாக மாறிவிடும். மூடியின் உட்புறத்தில் அளவையும் செய்த ஆண்டையும் மட்டும் பொறித்தால் போதும். அது அடுத்து வருபவருக்கும் உதவும். இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்து, அதே ஆண்டில் இணையவழித் தளமும் தொடங்கியது. விவசாயக் கருவி, கைப்பேசி, வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்பவை அதன் கவனத்தில் உள்ளன. கேமராத் துணைக்கருவிகளுக்கு அப்படி எந்த ஏற்பாடும் வருமென்று காத்திருக்கத் தேவையில்லை. இங்கே வேண்டியது அளவுகள்தான், அவற்றை எடுக்க யார் அனுமதியும் வேண்டாம். கோவையில் பொறியியல் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் நிறைய உண்டு. படமெடுப்போர் குழுக்களும் உண்டு. மாணவர்கள் வெர்னியரோடு உட்கார்ந்து, பழைய துணைக்கருவிகள் ஒவ்வொன்றின் விட்டம், பிட்ச், ஆழம் ஆகியவற்றை எடுத்து டிராயிங்காகப் போட்டு எல்லாருக்கும் பொதுவில் வைத்தால், கணபதியின் எந்தப் பட்டறையிலும் அந்தத் தாளைக் கொடுத்து மூடியை வாங்கிக்கொள்ளலாம். மூடி மறுபடியும் தொலையலாம். டிராயிங் இருக்கும்வரை அது தீர்ந்துபோன பொருள் ஆகாது. காட்டுக்குப் போகும் வழியில் கணபதியில் இறங்குகிறவர்கள் கருவியையும் அதன் அளவு எழுதிய தாளையும் கையில் கொண்டு இறங்கட்டும். அந்தத் தாளின் ஒரு படியைப் பட்டறையிலேயே விட்டுவிட்டும் போகட்டும்.